பின்னேரமானால் ஊதும் கால்கள்

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் கால் வீக்கத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைக் கடகத்தில் போட்டு வைத்திருந்தேன், கடகம் நிரம்பிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இவ்வளவு பேருக்குக் கால் ஊதுகிறதா என்று எனக்கே ஆச்சரியம். ஆச்சரியப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் யோசித்தேன். 34 வருடம் வார்டில் நின்ற கால்கள் என்னுடையவை. பின்னேரம் நாலு மணிக்கு மேல் செருப்பு வார் அவற்றில் இறுகும்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் இளைப்பாறிய தாதி, டொக்டர் இல்லை. குளிசை எழுதித் தரமாட்டேன். டொக்டர் எழுதிய குளிசையை எப்படிப் போடுவது, கிளினிக்கில் எதை வாய் திறந்து கேட்பது, எதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிராமல் உடனே ஆசுப்பத்திரிக்கு ஓடுவது, இவ்வளவும் எனக்குத் தெரியும்.

எனக்கு 64 வயது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவள். இரண்டு மாதமாகப் பின்னேரத்தில் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன, விடிய வற்றிவிடுகின்றன. பிறசருக்கு மருந்து எடுக்கிறேன். கிட்னி பழுதாகியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். – வாசகி, கோண்டாவில்

ரீச்சர், முதலில் எழும்பிப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் உங்கள் குளிசைப் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தீர்கள். படிப்பித்தவர் என்பது அதிலேயே தெரிந்தது. எல்லோரும் இப்படி எழுதினால் என் வேலை பாதியாகிவிடும். அதில் அம்லோடிப்பின் இருக்கிறது. கடைசிக் கிளினிக்கில் 5 மில்லிகிராமை 10 ஆக்கியிருக்கிறார்கள். வீக்கம் தொடங்கியதும் அதே மாதம்தான். பக்கத்து வீட்டுக்காரர் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டார், நான் குளிசைப் பெட்டியைப் பிடிக்கிறேன்.

இந்தக் குளிசை காலுக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு நாடிகளை அகலமாக்குகிறது. பிறசர் குறைவது அதனால்தான். ஆனால் இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களை அது அந்தளவுக்கு அகலமாக்குவதில்லை. தோட்டத்தில் இறைப்பு மெஷினைக் கூட்டி விட்டுவிட்டு, பாத்தியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழியைப் பழையபடி விட்டால் என்ன நடக்கும்? பாத்தி நிரம்பி ஓரத்தால் கசியும். கணுக்காலில் நடப்பது அதுதான். உடம்பில் தண்ணீர் கூடிப்போய் வந்த வீக்கம் இல்லை என்பதால், நீங்கள் தாகத்தோடு கிடந்தாலும் அது வற்றாது. சலத்தைக் கூட்டிப் போகவைக்கும் தண்ணிக் குளிசை போட்டாலும் பெரிய மாற்றம் இராது. 10 மில்லிகிராமில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீங்கின காலோடு பல வருடம் நடமாடலாம். பிறசர் ஏறிப் பாரிசவாதம் வந்தால் கதை வேறு. அடுத்த கிளினிக்கில், "இதைக் கூட்டின பிறகுதான் கால் வீங்குகிறது" என்று ஒரு வசனம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், லொசாட்டன் போன்ற ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். வழி எத்தனையோ இருக்கிறது. ஆனால் கிளினிக்கில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். நீங்கள் சொல்லாவிட்டால் சேலைக் கரைக்குக் கீழே இருக்கும் கணுக்காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

பக்கத்து வீட்டாரின் சந்தேகத்தையும் தீர்த்துவிடுவோம். சிறுநீரகத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் காலையில் முகத்தில் தெரியும். கண் இமை உப்பியிருக்கும், சிறுநீர் சவர்க்கார நுரை போல நுரைத்து அடங்காமல் நிற்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் பரிசோதனை இரத்தத்தில் ஒன்று. இரண்டும் அரசாங்க ஆசுப்பத்திரியில் செய்வார்கள். செய்து பார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வீட்டில் செய்து பார்க்கவும் ஒன்று இருக்கிறது. முன்காலில், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பு தட்டுப்படும் இடத்தில் பெருவிரலை வைத்து, பத்து வரை எண்ணும்வரை அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். குழி விழுகிறதா என்று கண்ணால் மட்டும் பார்க்காமல், விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். இதை எழுதும்போது என் இடது காலில் அழுத்தினேன். குழைத்த மாவில் விரல் வைத்தது போல ஒரு பள்ளம். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கும்போதும் அது நிரம்பவில்லை. இப்படிக் குழி விழுந்தால் தோலுக்குக் கீழே நிற்பது தண்ணீர். வீங்கியிருந்தும் குழி விழாவிட்டால் தைரொயிட் சுரப்பி மந்தமா, நிணநீர் வீக்கம் முற்றியதா என்று வேறு திசையில் தேடவேண்டும்.

உங்கள் பட்டியலின் கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக், "தேவைப்படும்போது பாமசியில் வாங்குவது" என்று எழுதியிருந்தீர்கள். இந்த வகை நோக்குளிசைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும், பிறசரைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் கூடாது. பிறசர் கூடியது என்று அம்லோடிப்பினைக் கூட்டினார்களே, அந்தப் பிறசரில் டைக்ளோபெனாக்குக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். கிளினிக்கில் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

என் அப்பாவுக்கு 73 வயது. இதயம் பலவீனம் என்று மருந்து எடுக்கிறார். இரண்டு காலும் முழங்கால்வரை வீங்கியிருக்கின்றன. ஒரு மாதமாகக் கட்டிலில் படுக்காமல் சாய்மனைக் கதிரையிலேயே நித்திரை கொள்கிறார். காலைத் தொங்கப்போட்டுப் படுப்பதால்தான் வீங்குகிறது என்று நினைக்கிறோம். கட்டிலின் கால்மாட்டுக்குக் கல் வைத்து உயர்த்தினால் நல்லதா? – மகள், கரவெட்டி

தங்கச்சி, கல்லை எடுத்து வேலியோரம் போட்டுவிடுங்கள்.

அப்பா ஏன் சாய்மனைக் கதிரைக்குப் போனார் என்று அவரைக் கேட்டீர்களா? இதயம் சரியாக இறைக்காதபோது தண்ணீர் காலில் மட்டும் தேங்குவதில்லை, நெஞ்சிலும் தேங்கும். நீட்டி நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும். முதலில் இரண்டு தலையணை வைப்பார்கள், பிறகு மூன்று, பிறகு கதிரை. "கட்டில் சூடாக் கிடக்கு" என்று ஒரு சாட்டும் சொல்லுவார்கள். கிளினிக்கில் டொக்டர் "எத்தனை தலையணை?" என்று கேட்பதன் அர்த்தம் இதுதான். ஒரு மாதமாகக் கதிரை என்றால் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்கவேண்டாம். இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் மூச்சுக்காகத் துடித்து எழுந்தாலோ, இளைப்போடு நெஞ்சுநோவும் வந்தாலோ 1990 க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், பணம் கேட்கமாட்டார்கள். இப்படியானவரின் காலை உயரத் தூக்கிக் கட்டினால் காலில் நிற்கும் தண்ணீர் நெஞ்சை நோக்கித் திரும்பும். இறுக்கமான பண்டேஜும் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் அப்பா தண்ணிக் குளிசை போடுவதில்லை என்று. வாசித்தபோது சிரிப்பு வந்தது, ஏனென்றால் என் வார்டுக்கு வந்த ஐயாமாரில் பாதிப்பேர் செய்தது அதுதான். நெல்லியடியில் பஸ் ஏறினால் யாழ்ப்பாணம் வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அதற்குள் மூன்று தரம் முட்டிக்கொண்டு வரும், பஸ்ஸை எங்கே நிற்பாட்டச் சொல்வது? வயதான மனிதருக்கு அது பெரிய மானப் பிரச்சினை. பியூரோசிமைட் என்ற தண்ணிக் குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் நிற்கும். அதனால் பயண நாளில் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், மத்தியானம் போல, போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஓம் என்பார்கள். மாதத்தில் ஒரு கிளினிக், இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு என்று நாலு நாள் குளிசையை விட்டால், நாலு நாள் தண்ணீர் உள்ளே நின்றுவிடுகிறது.

ஒரு தராசு வாங்குங்கள், குளியலறையில் வைப்பார்களே அந்தத் தட்டைத் தராசு. தினமும் காலையில் சலம் போய்விட்டு வந்து, சாப்பிடமுன், ஒரே மாதிரி உடுப்போடு ஏறி நிற்கச் சொல்லுங்கள். நிறையைச் சுவர்க் கலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு மூன்று லீற்றர் சேரும்வரை கால் ஒன்றும் சொல்லாது, தராசு முதலே சொல்லிவிடும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் சோறு கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது தண்ணீர். அன்றைக்கே டொக்டரிடம் சொல்லவேண்டும்.

இனி உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. எங்கள் வீடுகளில் கறிக்குப் போடும் உப்பை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். "நாங்கள் உப்புக் குறைச்சுத்தான் சமைக்கிறம்" என்று சொல்லிக்கொண்டே சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கருவாடு, பொரித்த மோர்மிளகாய் இரண்டு, வடகம், அப்பளம், ஓரமாக எலுமிச்சங்காய் ஊறுகாய். காலையில் பாண் என்றால் அதிலும் உப்பு, கூட வரும் சம்பலிலும் உப்பு. பின்னேரத் தேத்தண்ணியோடு மிக்சர். அப்பாவின் கோப்பையை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பாருங்கள், கறிச்சட்டிக்கு வெளியில் எவ்வளவு உப்பு வருகிறது என்று தெரியும். ஆனையிறவு உப்பு நல்லது, வெளிநாட்டு இளஞ்சிவப்பு உப்பு நல்லது என்று சண்டை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். காலுக்கு எல்லாம் ஒரே உப்புத்தான். ரொறன்ரோவில் இருந்து யாராவது "சோடியம் குறைந்த உப்பு" என்று போத்தல் அனுப்பினால் மட்டும் கவனம். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். லொசாட்டன், எனலாப்பிரில், ஸ்பைரனோலக்ரோன் எடுக்கிறவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அது ஆபத்து. நீர் பிரியட்டும் என்று இளநீரை வெட்டி வெட்டிக் கொடுப்பதும் அதே கதைதான், அதிலும் பொட்டாசியம் இருக்கிறது. இப்படியானவர்கள் கிளினிக்கில் கேட்காமல் இளநீரை வழக்கமாக்கக் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்து, கதிர் சிகிச்சையும் எடுத்தேன். நோய் இப்போது இல்லை என்கிறார்கள். ஆனால் ஒரு வருடமாக இடது கால் மட்டும் தொடையிலிருந்து பாதம்வரை வீங்கியிருக்கிறது. யானைக்கால் என்று ஊரில் கதைக்கிறார்கள். பொதுக் கிணற்றடியில் என் வாளியைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். இது மற்றவர்களுக்குத் தொற்றுமா? – வாசகி, வயது 52, தென்மராட்சி

தொற்றாது. கிணற்றடியில் தொற்றாது, வாளியில் தொற்றாது, கட்டிப்பிடித்து அழுதாலும் தொற்றாது. இந்தப் பக்கத்தை வெட்டிக் கிணற்றுக் கட்டில் ஒட்டுங்கள்.

யானைக்கால் என்பது பைலேரியா என்ற நுண்புழுவால் வருவது. அந்தப் புழுவை ஆளுக்கு ஆள் கொண்டுபோவது நுளம்பு. அதற்கும்கூட வாளியைத் தள்ளி வைத்துப் பிரயோசனம் இல்லை. இலங்கையில் அது இருந்தது மேற்கு, தெற்கு, வடமேல் கரையோரங்களில். பல வருடம் மருந்து கொடுத்து, நுளம்பை ஒழித்து, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கிவிட்டது என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனமே உறுதிப்படுத்தியது. கொழும்பில் கூட அரிதாகிப்போன ஒன்றை உங்கள் காலில் கண்டுபிடித்த ஊராரை என்ன சொல்வது!

உங்களுக்கு வந்திருப்பது நிணநீர் வீக்கம். இரத்தக் குழாய்களில் இருந்து கசியும் நீரில் ஒரு பங்கைத் திருப்பிச் சேகரித்துக் கொண்டுபோக, தோலுக்குக் கீழே மெல்லிய நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. காலில் இருந்து போகிறவை அரையில் இருக்கும் நிணநீர்க் கழலைகள் என்ற சிறு வடிகட்டிகளுக்கூடாகத்தான் மேலே ஏறவேண்டும். ஒப்பரேசனில் அப்பகுதிக் கழலைகளை எடுத்திருப்பார்கள், மிச்சத்தைக் கதிர் சுட்டிருக்கும். வழி அடைபட்டால் நீர் பின்னால் தேங்கும். மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்தும் இது தொடங்கும். மார்புப் புற்றுநோய் ஒப்பரேசன் செய்தவர்களுக்குக் கை வீங்குவதும் இதே மாதிரித்தான். இரண்டாவது கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். வலது காலில் தூக்க வரும், இடதில் வராது. இருந்தாலும், உங்களைப் பார்த்த புற்றுநோய்க் கிளினிக்கில் ஒரு தரம் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால், பழைய நோய் எட்டிப் பார்க்கவில்லை, நாளத்தில் இரத்தம் உறையவில்லை என்று உறுதி செய்யவேண்டும்.

இந்த வீக்கம் அடியோடு போகாது. ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கலாம், ஒழுங்காகச் செய்தவர்கள் நன்றாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். முக்கியமான வேலை விரலிடுக்கில் இருக்கிறது. சேற்றுப்புண் வந்து வெடித்த விரலிடுக்கு, கிருமிக்குத் திறந்து வைத்த படலை. ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்காக ஒற்றித் துடையுங்கள். வெளுத்துப் பிசுபிசுக்கிறது என்றால் பூஞ்சணக் களிம்பு போடவேண்டும். வறண்ட இடத்துக்குக் கிறீம் பூசலாம், விரலிடுக்குக்குள் பூசவேண்டாம். வெறுங்காலோடு வளவுக்குள் இறங்கவேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகாதே என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. போய் வந்ததும் காலைக் கழுவி, கீறல், முள், கொப்புளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கால் திடீரென்று சிவந்து, சூடேறி, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆசுப்பத்திரி. ஒவ்வொரு தரம் அப்படிக் கிருமி பரவும்போதும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன, வீக்கம் ஒரு படி ஏறிவிடுகிறது.

இரண்டாவது, கட்டு. இதைப் பற்றி நான் நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பயிற்சித் தாதியாக இருந்த முதல் வருடம். எந்த ஆசுப்பத்திரி என்று சொல்லமாட்டேன். முன்காலில் புண்ணும் வீக்கமுமாக ஒரு ஐயா. இரவு வேலை எனக்கு. கிறேப் பண்டேஜை எடுத்து, கணுக்காலுக்கு மேலே தொடங்கி, முழங்கால்வரை நல்ல வடிவாக, மேலே போகப் போக இறுக்கிச் சுற்றினேன். பாதத்தை விட்டுவிட்டேன். பாதத்தில்தான் புண் இல்லையே! விடியப் போய்ப் பார்த்தால் பாதம் கறுத்துப் பளபளத்து, விழுந்த பனம்பழம் மாதிரிக் கிடக்கிறது. கையெல்லாம் நடுங்க அவிழ்த்தேன். ஐயா ஏசவில்லை. "இரவு முழுக்க விண் விண் எண்டு இடிச்சது பிள்ளை. நீ பாடுபட்டுக் கட்டினாய் எண்டு அவிழ்க்கேல்லை" என்றார். எங்கள் சிஸ்டர் ஏசினார், தாராளமாக. பிறகு என்னை ஒரு வாங்கில் இருத்தி, என் சொந்தக் காலிலேயே இருபது தரம் கட்டி அவிழ்க்க வைத்தார்.

அந்த இருபது தரத்தில் படித்தது இது. பாதம் முன்காலுக்கு செங்கோணத்தில் நிற்கவேண்டும். கால்விரல்களின் அடியில் தொடங்கு, குதிக்காலை விட்டுவிடாதே, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடவேண்டும். கீழே கொஞ்சம் இறுக்கம், மேலே போகப் போக இளக்கம். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடி. விரல் நுனிகள் வெளியே தெரியவேண்டும், அவை நீலமானாலோ விறைத்தாலோ அவிழ்த்துவிடு. உங்களுக்கு வீக்கம் தொடைவரை இருப்பதால் இந்தக் கட்டு போதாது. தொடைவரை கட்டும் முறையையும் கையால் மெதுவாக நிணநீரை ஒதுக்கித் தடவும் முறையையும் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவில் நேரில் படிக்கவேண்டும். ஊரில் நோவுக்குத் தேய்ப்பது போல எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது இதற்கு ஆகாது. சலரோகத்தால் கால் விறைத்தவர்களும், பாதம் குளிர்ந்து நாடி பிடிபடாதவர்களும் டொக்டர் பார்க்காமல் எந்தக் கட்டும் கட்டக் கூடாது. ஏற்கெனவே இரத்தம் குறைந்த காலை இறுக்கினால் விரல் அழுகும்.

கடலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காயம் ஒன்றும் இல்லையென்றால் தாராளமாகப் போங்கள். காரைநகர் கசூரினாவில் கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் கிடக்கும். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் பாதத்தில் விழும் அழுத்தம், பிறசர் அளக்கும் அதே கணக்கில், 80 மில்லிமீற்றர் இரசத்துக்கும் மேல், மேலே வர வரக் குறையும். எந்தப் பண்டேஜும் இவ்வளவு ஒழுங்காக அழுத்தாது. அதற்குள் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வந்து அளந்து பாருங்கள். காலில் இறப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு இறங்குங்கள், துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். உங்கள் வாளியைத் தள்ளி வைத்தவரையே கூட்டிக்கொண்டு போகலாம்.

லண்டனில் இருந்து வந்து நாலு நாள். வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் நோகிறது. என்ன எண்ணெய் தேய்க்கலாம்? – வாசகர், வயது 38

தம்பி, இதற்கு இதழில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பத்துப் பதினொரு மணித்தியாலம் விமானம், அதிலிருந்து இறங்கிக் கட்டுநாயக்காவில் இருந்து வானில் இன்னும் ஏழெட்டு மணித்தியாலம், மடக்கிய கால் மடக்கியபடி. பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்கவே கூடாது. அந்தக் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போனால் உயிராபத்து. அன்றைக்கே ஸ்கான் எடுத்துப் பார்க்கவேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ அம்புலன்ஸ்.

ஏழு மாதக் கர்ப்பிணி நான். கால் வீக்கம் எல்லோருக்கும் வருவதுதானே? – மானிப்பாய்

கால் மட்டும், பின்னேரத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் ஓம். முகமும் கைவிரலும் சட்டென்று வீங்கினால், மோதிரம் இறுகினால், தலையிடித்தால், கண்ணுக்கு முன் மின்னினால், மேல்வயிறு நொந்தால் ஓம் இல்லை. அது பிறசர் ஏறும் அறிகுறி. இரவென்றாலும் பகலென்றாலும் நேரே ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும், வரும் கிழமை மிட்வைஃப் அம்மா வருவார் என்று பார்த்திருக்கக் கூடாது.

மூக்கிரட்டைக் கீரை, பார்லித் தண்ணி, உப்பு ஒத்தணம். இவற்றில் எது நல்லது? – வாசகர், சுன்னாகம்

கீரையைச் சுண்டிச் சாப்பிடுங்கள், கீரை நல்லதுதானே. பார்லியும் குடிக்கலாம், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் அதையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒத்தணத்துக்கு நான் எதிரி. சலரோகம் 20 வருடமாக இருந்த ஒரு அம்மாவுக்கு, மருமகள் அன்பாக உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். அம்மாவின் காலுக்குச் சூடு தெரியாது. "இன்னும் கொஞ்சம் வை பிள்ளை" என்று சொன்னாராம். எங்களிடம் வரும்போது தோல் உரிந்திருந்தது. மூன்று மாதம் மருந்து கட்டினோம். சூடு வீக்கத்தைக் குறைப்பதும் இல்லை, இரத்தக் குழாயை விரித்து இன்னும் கூட்டிவிடும்.

23 வயது. புடவைக் கடையில் வேலை. காலை 9 முதல் இரவு 7 வரை நிற்கவேண்டும், இருந்தால் முதலாளி பார்ப்பார். கெண்டைக்காலில் நீல நரம்பு சுருண்டு தெரிகிறது, இரவில் கால் கல்லாகக் கனக்கிறது. – வாசகி, யாழ்ப்பாணம்

பிள்ளை, உங்கள் வயதில் எனக்கும் இப்படித்தான் தொடங்கியது, நான் கவனிக்கவில்லை. அசையாமல் நிற்கும்போது கணுக்காலடி நாளத்தில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீற்றர் இரசம். நாலு எட்டு நடந்தால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். கெண்டைத் தசை ஒவ்வொரு எட்டிலும் நாளத்தைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது, நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பி விழாமல் பிடிக்கின்றன. வருடக்கணக்கில் பொம்மை போல நின்றால் வால்வு தளர்ந்து நரம்பு சுருளும். ஆகவே கடையில் நிற்பதைவிட அசையாமல் நிற்பதுதான் பிழை. சேலை விரிக்கும் மேசைக்குப் பின்னால் நின்றபடியே குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இருபது தரம். முதலாளிக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். வீட்டுக்குப் போனதும் பாயில் படுத்து, காலைச் சுவரில் சாய்த்து, நெஞ்சைவிட உயரமாக இருபது நிமிடம். கைபேசி பார்க்கிற நேரம்தானே, இப்படிப் படுத்துக்கொண்டு பாருங்கள்.

அழுத்த மேசு, அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட காலுறை, போட்டால் இன்னும் நல்லது. முழங்காலுக்குக் கீழ்வரை உள்ளது போதும். எந்த அழுத்தம் என்பதை டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வெயிலுக்கு அவிகிறது என்று எல்லோரும் கழற்றி எறிவார்கள், நானும் எறிந்திருக்கிறேன். மே மாதத்தில் அரை நாள் போட்டாலும் போடாததைவிட மேல். பாத்திரம் கழுவும் இறப்பர்க் கையுறையைப் போட்டுக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் ஏறும். மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், சுருட்டினால் அது கயிறாகிக் காலை வெட்டும். இரவில் கழற்றி, கையால் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்கவேண்டும்.

வாங்கப் போகமுன் கணுக்காலின் மெல்லிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், குதியில் இருந்து முழங்கால்வரை நீளம் ஆகிய மூன்று அளவும் வேண்டும். விடிய எழுந்து, கட்டிலை விட்டு இறங்கமுன் அளந்து எழுதி வையுங்கள். கடை பூட்டிவிட்டு வரும் வழியில் பாமசியில் நின்று அளந்தால், வீங்கின காலுக்குத்தான் மேசு வாங்கிக்கொண்டு வருவீர்கள்.